பங்கோர்த் தீவும் ஒரு கையொப்பமும்

ஆங்கிலக் கல்வி கற்ற நம்மவர்க்கு ஒரு பெருங்குறை உண்டு. அயல்நாட்டின் வரலாறு நமக்கு மனப்பாடம். காலடி மண்ணின் வரலாறோ தெரியாது. வேல்ஸ் மக்களை அடக்கிவைக்கும் பொருட்டு எட்வர்டு மன்னன் 1295ஆம் ஆண்டில் ஆங்கிள்சீ தீவிலே பியூமாரிஸ் கோட்டையைக் கட்டத் தொடங்கினான் என்பதைத் தடையின்றிச் சொல்வோம். ஈப்போவிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய பங்கோர்த் தீவிலே நிற்கும் செங்கற் கோட்டையைக் கட்டினவர் யார் என்று கேட்டால் விழிப்போம்.

பிறரைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. நமக்கே நேர்ந்தது இது. தோட்டத்துப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு, லுமுட் துறையிலே படகேறிப் பங்கோருக்குச் சென்றிருந்தோம். தெலுக் கெடோங் என்னுமிடத்தில் கூரையற்று நின்ற சுவர்களைக் கண்ட சிறுவன் ஒருவன், “கிராணி ஐயா, இது யார் வீடு?” என்றான். கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. அன்று அடைந்த நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

அது வீடன்று, ஒல்லாந்தரின் கிடங்கு. பேராக்கின் ஈயம் முழுவதையும் தாமே வாங்கவேண்டும் என்னும் பேராசையால் ஒல்லாந்தக் கம்பெனியார் 1670இல் அதனைக் கட்டினர். ‘கெடோங்’ என்னும் மலாய்ச் சொல்லுக்கும் நமது ‘கிடங்கு’க்கும் உறவுண்டு என்பர். 1690இல் மலாய் மக்கள் அதனைத் தாக்கி அழித்தனர். கம்பெனியார் 1743இல் மீண்டும் எழுப்பி, 1748இல் கைவிட்டுப் போயினர். இன்று நாம் காண்பது 1973இல் அரும்பொருட்சாலையார் செப்பனிட்டு நிறுத்தியது.

கோட்டைக்கு அருகே ‘பத்து பெர்சூராட்’ எனப்படும் எழுத்துப் பாறை உளது. புலியொன்று குழந்தையைக் கவ்வும் உருவமும், 1743 என்னும் ஆண்டும் அதிலே செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் மகனைப் புலி கொண்டுபோயிற்று என்பது ஒரு கதை. புலியன்று, கொடுமை பொறாத மக்களே பழிதீர்த்தனர் என்பது மற்றொரு கதை. எது உண்மையாயினும் ஒன்று தெளிவு: உளி பிடித்தவன் கதை கல்லிலே நிற்கிறது, உளி இல்லாதவன் கதை காற்றிலே அலைகிறது.

இனி, நமது தலையெழுத்தை மாற்றிய நிகழ்ச்சிக்கு வருவோம். லாருட் ஈயச் சுரங்கங்களுக்காகக் கீஹின், ஹைசான் என்னும் இரு சீனச் சங்கத்தார் குருதி சிந்தினர். பேராக்கின் அரியணைக்கோ அப்துல்லாவும் இஸ்மாயிலும் போட்டியிட்டனர். இவ்விரு பிணக்கையும் தீர்ப்பதாகக் கூறி, ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க் பங்கோர்க் கடலிலே ‘புளூட்டோ’ என்னும் கப்பலில் ஒரு கூட்டத்தைக் கூட்டினார். 1874 ஜனவரி 20ஆம் நாள் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அப்துல்லாவுக்குப் பட்டம் கிடைத்தது. ஆனால் மலாயரின் சமயமும் வழக்கமும் தவிர மற்றெல்லாவற்றிலும் ஆங்கிலேய ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு, அதன்படியே நடக்கவேண்டும் என்பதும் அதிலே இருந்தது. கேட்டாக வேண்டும், நடந்தாக வேண்டும் என்றபின் அது ஆலோசனையா? கட்டளையே!

விளைவு விரைந்து வந்தது. முதல் ரெசிடெண்ட் பர்ச், 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதன்பொருட்டு மகாராஜா லேலா 1877இல் தூக்கிலிடப்பட்டார். பட்டம் பெறக் கையொப்பமிட்ட அப்துல்லா அதே ஆண்டில் செய்ஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். தீவிலே பெற்ற அரசைத் தீவிலேயே தொலைத்தார்!

அவ்வாண்டிலேயே ரெசிடெண்டாக வந்த ஹியூ லோவின் காலத்தில் கோலகங்சாரிலே ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. கிரியான் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர்க் கங்காணிமார் வழியே ரப்பர்த் தோட்டங்களுக்கும் நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். ஆங்கிலேயர் பேராக்கை ஆளத் தொடங்கியிராவிடில், பிரட்டுக் களமும் லயமும் நமக்கு ஏது? நம் பாட்டன் எவனும் அந்தக் கப்பலில் இல்லை. ஆயினும் அங்கே காய்ந்த மை நம் குடும்பங்களின்மேல் விழுந்தது.

பழைய சம்பளப் பதிவேடுகளைப் புரட்டும்போது வரிசை வரிசையாகக் கைநாட்டுகளைக் காண்கிறோம். படியாமல் கைநாட்டு இட்ட கூலிக்கும், ஒரு சொல்லின் கனத்தை உணராமல் கையொப்பமிட்ட அரசனுக்கும் வேறுபாடு என்ன? எழுத்தறிவது வேறு, எழுதியதன் பொருளறிவது வேறு. இரண்டும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

பங்கோரும் எதிர்க்கரையும் ‘டிண்டிங்ஸ்’ என்னும் பெயரால் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்து, 1935இல் பேராக்குடன் மீண்டும் சேர்ந்தன. இன்று அத்தீவு நெத்திலிக் கருவாட்டுக்கும், பாசிர் போகாக் கடற்கரைக்கும், கடல் நோக்கி நிற்கும் காளியம்மன் கோயிலின் மாசி மகத்துக்கும் பேர்பெற்றது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்தைவிட்டு நகரம் புகுந்தோர் பலர். விடுமுறையில் குடும்பத்தோடு அங்குச் செல்வோரை ஒன்று வேண்டுகிறோம். கடலாடுமுன் அச்சுவர்களின் முன்னே சிறிது நில்லுங்கள், “இது யார் வீடு?” என்று பிள்ளை கேட்டால் விடை சொல்லுங்கள். அத்தோடு, தோட்டத்திலே வாழ்ந்த முதியோரின் வாய்மொழியைக் கேட்டு எழுதி வையுங்கள். நம் கையிலும் உளி இருக்கட்டும்.