போட்டுக்கொடுத்தல்

ஒருவர் செய்த தவற்றையோ மறைத்து வைத்த செய்தியையோ, அவரைத் தண்டிக்கக்கூடியவரிடம் அவருக்குத் தெரியாமல் சொல்லிவிடுவதைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல் போட்டுக்கொடுத்தல். பேச்சில் ‘போட்டுக் குடுத்துட்டான்’ என்று ஒலிக்கும். “என்னை ஹெட்மாஸ்டர்கிட்ட போட்டுக் குடுத்துட்டான்” என்பதுபோல, மாட்டியவர், கேட்டவர் இருவரும் வாக்கியத்தில் இடம்பெறுவார்கள். ‘கொடு’ என்னும் துணைவினை வழக்கமாகப் பிறருக்குச் செய்யும் உதவியைக் காட்டும்: எழுதிக்கொடு, வாங்கிக்கொடு. இங்கும் உதவி உண்டு, ஆனால் அது கேட்பவருக்கு. அடி மட்டும் மற்றவருக்கு.

கோள் சொல்வதில் பொய் கலந்திருக்கலாம். போட்டுக்கொடுக்கப்படும் செய்தி பெரும்பாலும் உண்மை. மறுக்க வழியில்லாததால் மாட்டிக்கொண்டவருக்குக் கோபம் கூடுதலாகவே வரும். கேட்பவர் மேலிடத்தில் இருப்பதும் இச்சொல்லுக்கு வேண்டும். தம்பி அப்பாவிடம் சொன்னால் போட்டுக்கொடுத்தல். கூட்டாளியிடம் சொன்னால் வெறும் உளறல்தான். இரண்டு பேருக்கு இடையே சண்டை மூட்டச் சொல்வதற்கு ‘வத்தி வைத்தல்’ என்று தனி வழக்கே இருக்கிறது.

காட்டிக்கொடுத்தல் இதைவிடக் கனமான சொல். தமிழ் விவிலியத்தில் யூதாசின் செயலுக்கு வரும் சொல் அதுதான். வீட்டுப்பாடம் எழுதாததை ஆசிரியரிடம் சொன்ன சிறுவனைக் காட்டிக்கொடுத்தவன் என்றால், அது விளையாட்டாகச் சொன்னதாகவே இருக்கும். அவனுக்கே ‘எட்டப்பன்’ என்ற பட்டமும் கிடைப்பதுண்டு. எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர்கள் வழிவழியாகத் தாங்கிய பெயர். 1799இல் அவர்களுடைய படை கிழக்கிந்தியக் கும்பினியார் பக்கம் நின்று கட்டபொம்மனை எதிர்த்தது உண்மை. ஆனால் அவரைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் தரப்பு. அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். வசைச்சொல்லாக நிலைத்ததோ எட்டயபுரத்தாரின் பெயர்தான். 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் அதை ஊரெங்கும் பரப்பியது. வரலாற்றுக் கணக்கில் இது ஓரவஞ்சனைதான்.

இலங்கைத் தமிழில் ‘தலையாட்டி’ என்ற சொல்லுக்குப் போர்க்காலம் வேறொரு பொருளைத் தந்தது. இராணுவச் சுற்றிவளைப்புகளில் ஊராரை வரிசையாக நடத்தி, முகம் மூடிய ஒருவர் முன் கொண்டுவருவார்கள். அவர் தலையசைத்தால் எதிரே நிற்பவர் கைது செய்யப்படுவார். அப்படி இருத்தப்பட்டவர்களில் முன்பு தாமே பிடிபட்டவர்களும் உண்டு. போட்டுக்கொடுத்தல் என்ற சொல்லில் இருக்கும் குறும்பு இதில் துளியும் இல்லை.

அரசுக்கோ தகவல் சொல்பவர்கள் இல்லாமல் முடியாது. திருக்குறள் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, ஒற்றாடலுக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. குற்றத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி காவல் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம். நாளிதழ்களில் வரும் ‘ரகசியத் தகவலின்பேரில்’ என்ற தொடருக்குப் பின்னால் பெரும்பாலும் போட்டுக்கொடுத்த ஒருவர் இருப்பார். உடன் குற்றம் செய்தவரே மன்னிப்புப் பெற்றுச் சாட்சி சொன்னால் அவர் ‘அப்ரூவர்’.

“மேல பத்து ரூபா போட்டுக் குடுங்க” என்று ஆட்டோக்காரர் கேட்பது இந்தப் பொருளில் அல்ல. அங்கே அது கூட்டித் தருவதையே குறிக்கும். ‘போட்டு வாங்குதல்’ மட்டும் நெருங்கிய உறவு. தெரிந்ததுபோல ஒரு பேச்சை எடுத்துவிட்டு, எதிராளி வாயாலேயே விஷயத்தைக் கறப்பது அது. அலுவலகங்களில் முதலில் போட்டு வாங்குபவரும் பிறகு போட்டுக்கொடுப்பவரும் பல நேரம் ஒரே ஆள்தான்.