விளையாட்டரங்கும் நாட்டுப்பற்றும்

விளையாட்டினுள் அரசியல் புகலாகாது என்பது பலரும் எடுத்தாளும் கொள்கை. களத்தில் இறங்கியவன் ஆட்டத்தோடு அமைதல் வேண்டும். நாட்டின் கொடிக்கு முன் நின்று தன் மனக்குறையை வெளிப்படுத்துவது பண்பன்று என்பர் இக்கொள்கையினர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கூற்றை வரலாற்றோடு வைத்து நோக்கும்போது, அரசியலை விளையாட்டரங்கினுள் முதலில் அழைத்து வந்தவர் யாவர் என்னும் வினா எழுகின்றது. ஊதியம் பெற்று ஆடும் வீரரின் எதிர்ப்பு நீதிமன்றம் வரை சென்று ஆராயப்பட்ட நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. ஆதலின் அந்நாட்டு வரலாற்றையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

1918 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 5 ஆம் நாள் சிக்காகோ நகரிலே பேஸ்போல் உலகத் தொடரின் முதலாவது ஆட்டம் நடைபெற்றது. அது முதலாம் உலகப் போர்க்காலம். உழைப்பாயாக, அன்றேற் போருக்குச் செல்வாயாக என இளைஞரை நோக்கி அரசாங்கம் ஆணையிட்டிருந்தது. பேஸ்போல் இன்றியமையாத தொழில் அன்று என்று முடிவாகி, அவ்வாண்டின் ஆட்டப் பருவமும் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. திடகாத்திரமான இளைஞர் பந்தடித்துப் பொருளீட்டுவதா என்னும் ஏச்சு அணி உரிமையாளரை உறுத்தியிருத்தல் வேண்டும். அன்று ஏழாம் சுற்றின் இடைவேளையில் வாத்தியக் குழுவினர் நட்சத்திரக் கொடியைப் போற்றும் பாடலை இசைத்தனர். கடற்படையிலிருந்து விடுமுறை பெற்று வந்து ஆடிய பிரெட் தோமஸ் என்பவர் கொடியை நோக்கித் திரும்பிப் படைவீரருக்குரிய முறையில் வணக்கம் செலுத்தினார். கூட்டம் சேர்ந்து பாடியது. தொடர் பொஸ்ரன் நகருக்குப் பெயர்ந்தபோது அப்பாடல் ஆட்டத்தின் தொடக்கத்துக்கே மாற்றப்பட்டது. அது தேசிய கீதமெனச் சட்டத்தால் ஏற்கப்பட்டதோ 1931 இலேதான். இரண்டாம் உலகப் போரின்போது, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் அதனை இசைக்கும் வழக்கம் வேரூன்றியது. நம் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளும் கொடியேற்றத்துடனேயே தொடங்குகின்றன. ஏன் அவ்வாறு என்று நம்மில் எவரும் கேட்பதில்லை.

இச்சடங்கு வெறும் மனவெழுச்சியால் மட்டும் நடைபெற்று வந்ததன்று என்பதற்கும் சான்று உண்டு. படைவீரரைக் களத்தில் நிறுத்திப் பாராட்டுதல், பெருங்கொடியை விரித்தல் முதலிய காட்சிகளுக்காக அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் விளையாட்டு அணிகளுக்குப் பணம் செலுத்தியிருந்ததை, செனற் சபையினரான மக்கேயினும் பிளேக்கும் 2015 இல் வெளியிட்ட அறிக்கை அம்பலமாக்கியது. அவ்வகையில் அவர்கள் கணக்கிட்ட தொகை 68 இலட்சம் டொலர். மக்கேயின் வியற்நாம் போரில் ஐந்தாண்டுக்கு மேல் சிறையிருந்தவர். நாட்டுப்பற்று விலைக்கு விற்கப்பட்டதைக் கண்டு மனம் வெதும்ப அவருக்குக் காரணம் இருந்தது.

நிற்க. கொடிக்கு வணக்கம் செலுத்த மறுப்பவனைச் சட்டம் எவ்வாறு நோக்கிற்று? இவ்வினாவுக்கு விடை விளையாட்டரங்கிலே பிறக்கவில்லை, பாடசாலையிலே பிறந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள், கொடி வணக்கம் தம் சமயத்துக்கு மாறானது என மறுத்து வகுப்பினின்றும் விலக்கப்பட்டனர். அவ்விலக்கு முறையானதே என உயர் நீதிமன்றம் 1940 இல் தீர்த்தது. ஆயின் மூன்றாண்டு கழிந்து, 1943 யூன் 14 ஆம் நாள், மேற்கு வேர்ஜீனியாவிலிருந்து வந்த வழக்கிலே அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றி, எந்த மாணவனையும் கொடி வணக்கத்துக்கு வற்புறுத்துதல் ஆகாது என்றது. அந்நாள் அந்நாட்டின் கொடி நாள். போரும் உச்ச நிலையில் இருந்தது. அத்தகைய வேளையிலே இவ்வாறு தீர்ப்பளித்த துணிவை வியவாதிருக்க இயலாது.

எனினும் அரசியல் யாப்பின் முதலாவது திருத்தம் தளையிடுவது அரசாங்கத்தின் கையையே. தனியார் ஒருவர் தம்மிடம் ஊதியம் பெறுபவனின் பேச்சுக்காக அவனை விலக்கினால் அத்திருத்தம் குறுக்கே வாராது. எனவே வகுப்பறையிலுள்ள சிறுவனுக்கு உறுதியாகக் கிடைத்த காப்பு, கோடிக்கணக்கிற் பொருளீட்டும் விளையாட்டு வீரனுக்கு உறுதியாகக் கிடைக்கவில்லை. முகம்மது அலியின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரில் 1942 இல் பிறந்த காசியஸ் கிளே, 1960 இல் றோம் ஒலிம்பிக்கிலே தங்கப் பதக்கம் பெற்றார். 1964 பெப்ரவரியில் சனி லிஸ்ரனை வென்று உலகக் குத்துச்சண்டை வீரரானார். இஸ்லாமிய தேசம் என்னும் இயக்கத்திற் சேர்ந்து முகம்மது அலி என்னும் பெயரும் பூண்டார். 1966 இல் அவர் படைக்கு அழைக்கத் தக்கவர் என வகுக்கப்பட்டபோது, வியற்கொங் படையினரோடு தமக்கு எப்பகையும் இல்லை என்று கூறினார். மனச்சாட்சியாற் போரை மறுப்பவர் எனத் தம்மைக் கொள்ளுமாறு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அலியின் நம்பிக்கை உண்மையானது என அறிக்கை செய்தார். நீதித் திணைக்களமோ அதனை ஏற்கவில்லை.

1967 ஏப்பிரல் 28 ஆம் நாள் ஹூஸ்ரன் நகரிலே படைசேர் நிலையத்தில் அவருடைய பெயர் அழைக்கப்பட்டது. முன்வந்து நிற்க அவர் மறுத்தார். அன்றைய பொழுது கழியுமுன்னரே நியூயோர்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணைக்குழு அவருடைய அனுமதிப்பத்திரத்தை நிறுத்தியது. உலகக் குத்துச்சண்டைச் சங்கமும் பட்டத்தைப் பறித்தது. ஏனைய மாநிலங்களும் இவ்வழியே சென்றன. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனக் கண்டது யூன் 20 ஆம் நாள். ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டின் பொருட்டு அவர் பிணையில் வெளியே இருந்தார்; ஆனால் கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டமையால் வேற்று நாடு சென்று சண்டையிடவும் வழியில்லை. தண்டனை முதலில் வந்தது, விசாரணை பின்னர் வந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். பல்கலைக்கழகங்களிலே சொற்பொழிவாற்றி அவர் காலம் கழித்தார். வாய் கட்டப்படவில்லை, கையே கட்டப்பட்டது.

நியூயோர்க் ஆணைக்குழுவைக் காத்த நியாயமும் நெடுநாள் நிலைக்கவில்லை. கொலை, கொள்ளை முதலிய குற்றங்களுக்காகவும், படையை விட்டோடிய குற்றத்துக்காகவும் தண்டிக்கப்பட்டோருக்கு அதே ஆணைக்குழு அனுமதிப்பத்திரம் வழங்கியிருந்தது. தண்டனை பெற்றோருக்கு அவ்வாறு வழங்கிய சந்தர்ப்பங்கள் குறைந்தது 244 என அதன் ஏடுகளே காட்டின. இதனைக் கண்ட சமஷ்டி நீதிபதி, அலிக்கு மட்டும் மறுப்பது சமத்துவத்துக்கு மாறானது என 1970 இல் தீர்த்தார். ஆணைக்குழு மாநில அரசின் உறுப்பாக இருந்தமையாலேயே அரசியல் யாப்பு இவ்விடத்தில் அலிக்குத் துணைநின்றது. 1970 ஒக்ரோபர் 26 ஆம் நாள் அற்லாந்தா நகரிலே அவர் மீண்டும் களமிறங்கினார். இடையே மூன்றாண்டும் ஏழு மாதமும் கழிந்துவிட்டன. இருபத்தைந்து வயதுக்கும் இருபத்தெட்டு வயதுக்கும் இடைப்பட்ட அக்காலம் குத்துச்சண்டை வீரனுக்கு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மறு ஆண்டு மார்ச்சில் யோ பிறேசியரிடம் முதன்முறையாகத் தோல்வியுற்றார்.

1971 யூன் 28 ஆம் நாள் உயர் நீதிமன்றம் எட்டு நீதியரசரின் ஒருமித்த முடிவால் அவருடைய தண்டனையை நீக்கியது. ஆயின் அதன் காரணம் மிகக் குறுகியது. அலியின் விண்ணப்பத்தை மறுத்த சபை எக்காரணத்தாலே மறுத்தது எனக் கூறவில்லை. மூன்று காரணங்களுள் இரண்டு பொருந்தா என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது. எனவே தண்டனை நிலைக்காது என்பதே தீர்ப்பு. நாட்டுப்பற்று யாது என்பதை நீதிமன்றம் ஆராயவில்லை.

அலிக்கு எதிர்மாறாக நடந்தவர்க்கு நன்மையே விளைந்தது எனக் கருதுவோரும் உளர். அவர்கள் யோ லூயியை நினைத்தல் நலம். 1942 இல் அவர் இரண்டு போட்டிகளின் வருவாயைக் கடற்படை, தரைப்படை நிதிகளுக்கு ஈந்து, தாமும் படையிற் சேர்ந்தார். நாடு முழுவதும் அவரைப் புகழ்ந்தது. பின்னர் வருமான வரிக் கடன் பல்லாண்டு அவரைத் துரத்தியது.

1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக் மேடையிலே கரிய கையுறை அணிந்து கை உயர்த்திய ரொமி சிமித், யோன் கார்லோஸ் ஆகியோரின் செயல் யாவரும் அறிந்தது. அவர்கள் ஊதிய வீரர் அல்லராதலின் இங்கு விரித்துரையேன். அவர்கள்மீது நடவடிக்கை வேண்டும் என நின்ற ஒலிம்பிக் தலைவர் அவெரி பிரண்டேஜ், 1936 ஆம் ஆண்டுப் பேர்லின் விழாவைப் பகிஷ்கரித்தல் ஆகாது என வாதாடியவர் என்பதை மட்டும் குறிக்கின்றேன்.

அலி 2016 யூன் 3 ஆம் நாள் மறைந்தார். 2005 இல் ஜனாதிபதி கையாலே நாட்டின் உயர் விருதைப் பெற்றிருந்த அவரை, மரித்தபின் எல்லாக் கட்சியினரும் போற்றினர். மூன்று மாதமும் கழியவில்லை. சான் பிரான்சிஸ்கோ உதைபந்தாட்ட அணியின் கொலின் கெப்பர்னிக், கறுப்பின மக்கள் பொலிசாராற் கொல்லப்படுவதைக் கண்டித்துக் கீதம் இசைக்கப்படும்போது எழாது அமர்ந்திருந்தார். முன்னாட் படைவீரரும் உதைபந்தாட்ட வீரருமான நேற் போயர் அவரைச் சந்தித்து, வீழ்ந்த தோழனின் கல்லறை முன் வீரர் முழந்தாளிடுவது போல முழந்தாளிடுதல் தகும் என்றார். செப்ரெம்பர் 1 ஆம் நாள் தொடக்கம் கெப்பர்னிக் அவ்வாறே செய்தார். அவமதிப்பு எனப் பழிக்கப்பட்ட அச்செயல், படைவீரன் ஒருவன் மரியாதையாகச் சொல்லிக்கொடுத்ததே.

போரிலே மகனை இழந்த தாய் ஒருத்தி அக்காட்சியைக் கண்டு வருந்தினால் அவ்வருத்தத்தை இகழ்தல் முறையன்று. பார்ப்போரின் பணத்தால் நடைபெறும் அணியின் உரிமையாளருக்கும் தம் கவலை உண்டு. ஆனால் அரசாங்கத்தின் பணத்தைப் பெற்றுக் களத்திலே கொடி விரித்த அணிகள் இருந்த தொழிலிலே, அரசியல் வேண்டாம் என்னும் சொல்லுக்கு எவ்வளவு வலு உண்டு? 2017 செப்ரெம்பரில் நாட்டின் ஜனாதிபதியே, முழந்தாளிடுவோரை வேலையினின்று நீக்குமாறு உரிமையாளரைப் பொதுக்கூட்டத்திற் கேட்டார். அரசாங்கம் நேரே செய்ய இயலாததைத் தனியார் கையாலே செய்விக்கும் வேண்டுகோள் அது.

கெப்பர்னிக் 2017 மார்ச்சில் தம் ஒப்பந்தத்தினின்றும் விலகினார். எந்த அணியும் அவரை ஒப்பந்தஞ் செய்யவில்லை. அணிகள் கூடிச் சதி செய்தன என அவர் தொடுத்த முறைப்பாடு 2019 பெப்ரவரியிலே சமரசமாக முடிந்தது. உடன்படிக்கையின் விபரம் வெளியிடப்படவில்லை. 2020 யூன் மாதத்திலே, வீரரின் குரலுக்கு முன்னரே செவிசாயாதது தவறு என உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவர் ஒப்புக்கொண்டார். கெப்பர்னிக்கின் பெயரை அவர் சொல்லவில்லை. கெப்பர்னிக் இறுதியாகக் களமிறங்கியது 2017 சனவரி 1 ஆம் நாள்; அன்று அவருக்கு வயது இருபத்தொன்பது.