உவரும் நல்ல தண்ணீரும்: செய்யூர்க் கரையில் நீரைச் சோதித்த வரலாறு

செய்யூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பில், கடலுக்கும் கழிகளும் பக்கிங்காம் கால்வாயும் கிடக்கும் தாழ்நிலத்துக்கும் நடுவே நீளும் மணல்மேட்டுப் பட்டைக்கு இடைக்கழிநாடு என்று பெயர். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய புலவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்று அறியப்படுவதால், பெயரின் பழமை பற்றி ஐயம் கொள்ள வேண்டியதில்லை. கழி என்பது கடல்நீர் ஏறி வடியும் உவர்நீர்ப் பரப்பு. இருபுறமும் உப்புநீர் சூழ்ந்த இந்நிலத்தில் ஊர்கள் நிலைத்ததும், தென்னையும் சவுக்கும் வேர்க்கடலையும் தர்பூசணியும் விளைந்ததும், மணலுக்குள் இறங்கித் தங்கிய மழைநீரால்தான்; அந்நீர் எந்த இடத்தில் நல்லது, எந்த ஆழத்தில் உவர்ப்பு என்று பிரித்தறிவது இங்கே பிழைப்போடு ஒட்டிய அறிவாக இருந்தது.

அந்த அறிவின் முதல் கருவி நாக்கு. நீரைச் சுவையால் வகைப்படுத்தும் வழக்கம் இந்திய நூல்களிலும் பழமையானது; ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை, நிலத்தடி நீரைப் பற்றிய அத்தியாயத்தில், செம்பு நிறச் சரளை மண்ணில் துவர்நீரும், வெளிறிய மண்ணில் உப்புநீரும், நீலம் பாய்ந்த மண்ணில் இனிய நீரும் கிடைக்கும் என்று மண்ணின் நிறத்தைக் கொண்டே சுவையை முன்னறிய முயல்கிறது. கலங்கிய நீரைத் தெளிவிக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைக்கும் முறை கலித்தொகைப் புலவருக்கு உவமையாகும் அளவுக்குப் பழகியிருந்தது. ஆனால் தேற்றாங்கொட்டை மிதக்கும் மண்துகள்களைத் திரட்டி அடியில் படியச் செய்யுமே தவிர, கரைந்த உப்பை ஒன்றும் செய்யாது. தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நீடித்ததற்கு இந்தக் கொட்டையின் வெற்றியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நாக்குக்கு அடுத்த கருவி அடுப்படியில் இருந்தது. பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர், பானையின் உள்ளே வெள்ளையாகப் படியும் தண்ணீர் என்று பெண்கள் சொல்லி வந்தவை மூன்றும் ஒரே குணத்தின் வெளிப்பாடுகள். கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுந்த நீரைக் கடினநீர் என்பர். அதிலுள்ள கால்சியம் பருப்பின் செல்சுவர்களில் உள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுவதால் பருப்பு குழைவதில்லை. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரைச் சேர்ந்த தாமஸ் கிளார்க் 1840களில் வேதியியல் சோதனையாக வகுத்ததும் இதே அடுப்படி அறிவைத்தான்: அளந்த நீரில் சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்கி, நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நிற்கும்வரை செலவான கரைசலின் அளவே கடினத்தன்மையின் அளவு.

உவர்ப்பை எண்ணாக்கிய முறை 1856இல் கார்ல் ஃபிரெடரிக் மோர் என்ற ஜெர்மானிய வேதியியலாளரிடமிருந்து வந்தது. இன்றும் நீர்ச் சோதனைக் கூடங்களில் அது கையாளப்படுகிறது. மாதிரி நீரில் சிறிது பொட்டாசியம் குரோமேட் சேர்த்தால் நீர் எலுமிச்சை மஞ்சளாகிறது. அதில் சில்வர் நைட்ரேட் கரைசல் சொட்டுச் சொட்டாக விழும்போது, விழுந்த இடத்தில் ஒரு செம்புள்ளி தோன்றி, கலக்கியதும் மறைகிறது. உப்பிலுள்ள குளோரைடு முழுவதும் வெள்ளியோடு சேர்ந்து வெண்மையாகப் படிந்து தீர்ந்த பிறகுதான், அடுத்த சொட்டின் செங்கல் நிறம் மறையாமல் நிற்கிறது. மழைநீர் தேங்கிய மணற்கிணற்றின் மாதிரிக்குச் சில சொட்டுகளே போதும். கழியோரக் கிணற்றின் மாதிரிக்கோ அளவுக்குழாயையே மீண்டும் நிரப்ப வேண்டியிருக்கும். செய்யூர் வட்டாரத்து உப்பளங்களுக்குத் தேவை நல்ல நீருக்கு நேர்மாறான உவர்நீர் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். உப்புத் தொழிலில் உவர்நீரின் அடர்த்தியைப் போமே என்ற மிதவைக் கருவியால் அளப்பர். அது ஏறத்தாழ 25 பாகையை நெருங்கும்போது பாத்தியில் உப்புப் பூக்கிறது.

எண்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, கடலோர மக்கள் ஒன்றைச் செய்து வந்தனர். மணலில் ஆழமில்லாத குழி தோண்டி, ஊறி வரும் நீரைச் சிரட்டையாலோ சொம்பாலோ பையப்பைய முகந்துகொள்வர். ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதன் காரணத்தை நெதர்லாந்தின் படோன் கைபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே விளக்கினர். நன்னீர் கடல்நீரைவிட இலேசானது என்பதால், அது உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். கணக்கின் மறுபாதிதான் அச்சம் தருவது: மேலே ஒரு மீட்டர் இறங்கினால், கீழிருந்து உவர் 40 மீட்டர் ஏறிவரும். சிரட்டையால் முகக்கும்வரை இது கவலைப்பட வேண்டிய விஷயமாக இல்லை. மின்மோட்டார்கள் பெருகிய பின் நிலைமை மாறியது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவியிருப்பது 1969இலேயே கண்டறியப்பட்டது.

குடிக்க ஏற்ற நீர் எது, பாசனத்துக்கு ஏற்ற நீர் எது என்பவை இரு வேறு கேள்விகள் என்பது மெல்லத்தான் தெளிவாயிற்று. 1954இல் அமெரிக்க வேளாண் துறை, கலிபோர்னியாவின் ரிவர்சைடில் இயங்கிய உவர்நில ஆய்வகத்தின் பணியை 60ஆம் எண் கையேடாக வெளியிட்டது. இந்தியாவின் பாசன நீர்ச் சோதனைகள் பெரும்பாலும் அதன் வழியையே பின்பற்றின. நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறன், அதில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும். சென்டிமீட்டருக்கு 2250 மைக்ரோசீமன்ஸைத் தாண்டினால் அந்நீர் பாசனத்துக்கு மிக உவர்ப்பானது என்று கையேடு வகுத்தது. இது லிட்டருக்கு ஏறத்தாழ 1440 மில்லிகிராம் உப்பு. 1983இல் முதன்முதலாக வெளியாகி, பின்னர் திருத்தப்பட்டு வந்த இந்தியக் குடிநீர்த் தரமோ, 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாக வைத்தாலும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. பயிர் மறுக்கும் நீரை மனிதர் குடிக்க நேரலாம் என்பதே இதன் பொருள். மறுபுறம், லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. பயிருக்கோ அது செலவில்லாத உரம்.

நாக்கும் அடுப்படியும் சேர்ந்து ஏமாறும் இடம் சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீர். இத்தகைய நீர் மென்மையானது. சோப்பு பொங்கி நுரைக்கும், பருப்பும் பதமாக வேகும். வீட்டில் நற்பெயர் எடுக்கும் இந்த நீரைக் களிமண் வயலுக்குப் பாய்ச்சினால், அதிலுள்ள பைகார்பனேட் மண்ணின் கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைக்க, காலியான இடத்தில் சோடியம் ஒட்டிக்கொள்கிறது. மண்துகள்கள் பிரிந்து சிதறி, காய்ந்தால் ஓடு போல இறுகி, நீரை உள்ளே விடாத களர்நிலமாகிவிடுகிறது. இதை முன்னறிய உதவும் அளவு சோடியம் ஈர்ப்பு விகிதம், அதாவது கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிடும்போது சோடியத்தின் மிகை. ஜிப்சம் இட்டு இக்கேட்டைக் குறைக்கலாம். அதற்கு முதலில் நீரைச் சோதித்திருக்க வேண்டும்.

சுவையே இல்லாத கேடுகளும் உண்டு. பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் மனிதரின் எலும்பையும் மூட்டையும் இறுக்கிய நோய்க்கு நிலத்தடி நீரின் ஃபுளோரைடே காரணம் என்று ஷார்ட் முதலிய ஆய்வாளர்கள் 1937இல் எழுதினர். இந்தியாவில் ஃபுளோரைடு நோய் பற்றிய தொடக்ககால ஆய்வுகளில் அது முக்கியமானது. கிருமிகளைப் பொறுத்தவரை, 1982இல் மாஞ்சா முதலிய இந்திய ஆய்வாளர்கள் ஓர் எளிய குப்பிச் சோதனையை உருவாக்கினர்: மலக்கலப்புள்ள நீரை ஊற்றி, அறை வெப்பத்திலேயே ஓரிரு நாள் வைத்தால் குப்பி கருத்துவிடும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்கள் நீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி பெறுகின்றனர். பருப்பு வேகுமா என்று பார்த்தே நீரை எடைபோட்ட கைகளுக்கு இது முற்றிலும் புதிய வேலை அல்ல.

சோதனையின் எண்கள் நீதிமன்றத்துக்கும் சென்றன. கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்து, தமிழகத்தின் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், குடிநீர்க் கிணறுகள் உவர்ப்பாவது உள்ளிட்ட கேடுகளை நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் நேரில் ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை தமிழகக் கரையிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் மணற்கிணறுகளை ஒரே காலையில் உவராக்கியது. கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வதே முதல் வேலை என்று எல்லா இடத்திலும் மோட்டார்கள் ஓடின. மட்டக்களப்பு மாவட்டத்தில் கிணறு கிணறாக மின்கடத்துதிறனை அளந்து தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், இறைத்த கிணறுகளில் உவர் அதனால் விரைந்து குறைந்ததாகக் காணவில்லை. மிகுதியாக இறைப்பது கீழே கிடந்த உப்பை மேலே இழுத்துவிடக்கூடும் என்று எச்சரித்து, இறைப்பை மட்டுப்படுத்தி மழைக்குக் காத்திருக்குமாறு அறிவுறுத்தினர். அடுத்தடுத்த பருவமழைகளுக்குப் பிறகு அளவுமானியின் எண்கள் இறங்கத் தொடங்கின.