கார் இழுக்கலையா? சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

ஆக்சிலரேட்டரை மிதித்தும் பெட்ரோல் கார் இழுக்கவில்லையா? ‘சென்சார் போச்சு’ன்னு மெக்கானிக் சொன்னால் கொஞ்சம் பொறுங்க. பேட்டரி டெர்மினல் லூஸா, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கா என முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி அதில் விரிசல் விட்டிருந்தால், அளக்காத காற்று உள்ளே நுழையும். அப்போது ஸ்கேனரில் ‘பி0171’ என்ற எரர் கோட் வரலாம். காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். ஆனால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டு, பழைய பிரச்சினையோடு திரும்பி வருபவர்கள் உண்டு. பாவம், ஹோஸ் அப்படியேதான் இருக்கும்!

செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் வண்டியை ஓட்டாதீங்க. அது மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், விலை அதிகமுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே உருக்கிவிடும்.