பொருந்தும் கல்: ஜப்பானியச் சவரக்கத்திச் சாணைகளின் பெயர்வரலாறு

ஜப்பானிய நிலவியலாளர்கள் டிரையாசிக் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்த ஆழ்கடல் படிவு ஒன்றை 'டொயிஷி வகைக் களிப்பாறை' என்று குறிப்பிடுகின்றனர். 'டொயிஷி' என்றால் சாணைக்கல். கத்தி தீட்டுவோரின் சொல் நிலவியலின் கலைச்சொல்லாகியிருக்கிறது. அறிவியல் அப்பாறையை அணுகுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கியோட்டோவைச் சூழ்ந்த மலைகளில் சுரங்கத் தொழிலாளர்கள் அதை அடுக்கடுக்காகப் பிரித்தறிந்து பெயரிட்டிருந்தனர். அதே பெயர்கள் இன்று மடக்குச் சவரக்கத்தி ஆர்வலர்களின் உலகச் சந்தையில் விலையை முடிவுசெய்யும் சொற்களாக உலவுகின்றன. வேலைக்களத்தில் பிறந்த ஒரு சொற்றொகுதி சேகரிப்பாளரின் அலமாரியை வந்தடைந்தபோது அதன் பொருளுக்கு நேர்ந்தது என்ன என்பது, சாணைக்கல்லைக் கையாலும் தொட்டறியாதவர்க்கும் எண்ணிப் பார்க்கத்தக்க கேள்வி.

முதலில் கல். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், பூமி கண்டவற்றுள் மிகப் பெரிய உயிரின அழிவு நிகழ்ந்தது. அதற்கு முன்பு ஆழ்கடலின் அடியில் ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் படிந்து, செர்ட் எனப்படும் மிகக் கடினமான பாறையை உருவாக்கிவந்தன. அழிவுக்குப் பின் ஓடுகளின் வரத்து அற்றுப்போனது. பல இலட்சம் ஆண்டுகளுக்குக் கடலடியில் செர்ட்டுக்கு மாறாகக் களிமண்ணும், நிலத்திலிருந்து காற்றில் பறந்துவந்த மிக நுண்ணிய குவார்ட்ஸ் துகள்களுமே படிந்தன. கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்த அவ்விடத்துக்குப் பருமணல் வந்து சேர வழியில்லை. ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்னும் அளவில் அமைந்த இப்படிவு, நிலத்தட்டின் நகர்வால் ஆசியாவின் விளிம்புக்குக் கொண்டுவரப்பட்டு, ஜுராசிக் காலத்தில் அதனோடு ஒட்டி, மடிந்து, மலையாயிற்று. சவரக்கத்தியின் விளிம்பு ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிப்புடையது. பருத்த துகள் ஒன்று குறுக்கிட்டாலும் அவ்விளிம்பு சிதையும். கடலில் உயிர்கள் அருகிப்போன காலத்தின் சேறு கத்திக்கு உகந்த கல்லானதன் காரணம் இத்துகள்களின் நுண்மையும் சீர்மையுமே.

ஜப்பானியத் தொழில்மரபு சாணைக்கற்களை மூன்றாகப் பகுக்கிறது. 'அராட்டோ' பருக்கல், 'நகாட்டோ' இடைக்கல், 'அவாசெடோ' முடிப்புக்கல். முதல் இரண்டும் நாட்டின் பல பகுதிகளில் கிடைத்தன. இன்றைய எஹிமே மாவட்டத்தைச் சேர்ந்த இயோ பகுதியின் கற்கள் பழங்காலந்தொட்டே பெயர்பெற்றவை. அங்குள்ள டோபே என்னும் ஊர்ப்பெயரின் முதல் எழுத்தே சாணைக்கல்லைக் குறிப்பது. சுரங்கத்தில் உடைந்து குவிந்த கற்கழிவைப் பயன்படுத்திப் பீங்கான் செய்யுமாறு ஓசு சிற்றரசின் தலைவர் கட்டளையிட்டார். 1777இல் சுகினோ ஜோசுகே அதில் வெற்றி கண்டார். டோபே பீங்கான் இன்றும் வழங்குகிறது. கல் தீர்ந்தாலும் பெயர் வேறொரு பொருளில் குடியேறி வாழும் என்பதற்கு அவ்வூர் நல்ல சான்று.

மூன்றாம் வகையான முடிப்புக்கல்லுக்குக் கியோட்டோவே தாயகம். நருடாகி, உமெகஹத்தா, நகயாமா, ஓசுகு, ஷோபுதானி, அதாகோ மலைச்சரிவு ஆகியன புகழ்பெற்ற சுரங்கப் பகுதிகள். கமக்குரா காலத்தில் ஹொன்மா குடும்பத்தார்க்கு இக்கற்களின் மீதான உரிமை வழங்கப்பட்டதாக மரபுவழிச் செய்தி கூறுகிறது. இம்மலைகளில் வேலை செய்தவர்கள் பாறையை மேலிருந்து கீழாக ஒரு கட்டடத்தைப் போலப் படித்தனர். 'டென்ஜோ' என்றால் கூரை. 'ஷிகி' என்றால் தளம். இடையே 'எட்டுத் தகடு', 'ஆயிரம் தகடு', 'வாயில்முன்' எனப் பொருள்தரும் ஹச்சிமாய், சென்மாய், டோமாயே முதலிய அடுக்குகள். ஊசித்துளைகள் மலிந்த அடுக்குக்குச் 'சுயிட்டா' என்று பெயர். 'சு' என்பது பறவைக் கூட்டையும் பொந்தையும் குறிக்கும். இவை தரத்தைச் சுட்டும் பெயர்களல்ல. இருட்டில் விளக்குடன் இறங்கியவன் தான் நிற்கும் இடத்தை உடன் உழைப்பவனுக்கு உணர்த்தப் பயன்பட்ட இடக்குறிகள்.

வெளிச்சத்துக்கு வந்த பிறகு கல்லுக்கு இரண்டாம் பெயர் சேர்ந்தது. அது தோற்றத்தால் அமைந்தது. வெளிர்நீலப் பசுமை சார்ந்தது 'அசாகி', கருந்திட்டுகள் படர்ந்தது 'கராசு' அதாவது காகம், எள் தூவியது போன்றது 'கோமா', பேரிக்காய்த் தோலைப் போன்றது 'நஷிஜி', செந்நிறச் சிதறல் கொண்டது தாமரையைக் குறிக்கும் 'ரெங்கே'. 'சுஜி' என்னும் பெயர் மட்டும் எச்சரிக்கை. கல்லினூடே ஓடும் கோடு அது. சில கோடுகள் தீங்கற்றவை. சில, அலகின் விளிம்பைக் கீறுபவை. எது எத்தகையது என்று கண்ணால் சொல்ல முடியாது. தீட்டிப் பார்த்தே அறிய வேண்டும்.

இம்மரபின் நடுவே நிற்கும் சொல் 'அவாசெடோ'. 'அவாசெரு' என்னும் வினைக்கு ஒன்றோடொன்றைச் சேர்த்தல், பொருத்துதல் என்று பொருள். முடிப்புக்கல் என்பது ஆகவே பொருத்தும் கல். இச்சொல் ஒரு பொருளை மட்டும் சுட்டாமல் இரண்டின் உறவைச் சுட்டுகிறது. ஒரு கொல்லர் செய்த எஃகுக்கு இணங்கும் கல் மற்றொருவரின் எஃகில் வழுக்கிச் செல்லலாம். கடினமான கல் ஒருவர் கையில் பளபளப்பையும் மற்றவர் கையில் கீறலையும் தரலாம். எனவே தொழிலாளர் மரபில் 'இது நல்ல கல்லா' என்னும் வினா முழுமை பெறாதது. எந்தக் கத்திக்கு, எந்தக் கைக்கு என்பவை அதனோடு சேர வேண்டும். தீட்டுதலைக் குறிக்கும் 'டொகு' என்னும் வினை அரிசி களைவதையும் குறிக்கும். தமிழில் 'தீட்டு' என்னும் வினை கத்திக்கும் அரிசிக்கும் பொதுவாக நிற்பதை இதனோடு ஒப்புநோக்கலாம். ஆராய்ச்சியைக் குறிக்கும் 'கென்க்யூ' என்னும் ஜப்பானியச் சொல்லின் முதல் எழுத்தும் தீட்டுதலுக்குரிய எழுத்தே. தேய்த்துத் தேய்த்து அறிவது என்னும் கருத்து அச்சொல்லில் உறைந்து கிடக்கிறது.

இக்கற்களில் சவரக்கத்தி தீட்டப்பட்ட வரலாறு பௌத்தத்தோடு தொடங்குகிறது. 'கமிசோரி' என்னும் ஜப்பானியச் சவரக்கத்தி துறவியரின் தலையை மழிக்கும் கருவியாகவே முதலில் அறியப்பட்டது. பின்னர் சாமுராய்கள் உச்சந்தலையை மழித்துப் பின்குடுமி முடியும் வழக்கம் பரவியது. ஏடோ காலத்தில் அது நகரத்து ஆண்களின் பொதுக்கோலமாயிற்று. உச்சியை வழவழப்பாக வைத்திருக்க அடிக்கடி மழிக்க வேண்டும். ஆகவே 'கமியுய்' எனப்பட்ட முடியலங்காரத் தொழிலாளரின் பெட்டியில் கத்தியும் கல்லும் நீங்காது இருந்தன. வாளுக்கு மெருகேற்றுவோரும் இதே மலைகளின் கல்லை மெல்லிய சில்லாக்கி விரல்நுனியால் தேய்த்தனர். துறவி, போர்வீரன், நகரத்தான் ஆகிய மூவரின் தேவையும் ஒரே மலையில் சந்தித்தது.

மெய்ஜி அரசு இந்த ஏற்பாட்டை ஐந்தே ஆண்டுகளில் கலைத்தது. 1871இல் வெளியான ஆணை குடுமியைக் களையவும் வாளணியாது செல்லவும் இசைவளித்தது. 1876இல் வாளணிவதே தடைசெய்யப்பட்டது. வாட்கொல்லர் பலர் சமையற்கத்தி, தச்சுக்கருவி, சவரக்கத்தி ஆகியவற்றின் பக்கம் திரும்பினர். உச்சந்தலையில் முடி வளரத் தொடங்கியதும் சவரக்கத்தி மோவாய்க்கு இறங்கியது. மேலைநாட்டு மடக்குக் கத்தி முடிதிருத்தகங்களுக்குள் நுழைந்தது. அதன் தடித்த முதுகும் மெல்லிய விளிம்பும் ஒருசேரக் கல்லின் மீது படிவதால் தீட்டும் கோணம் கத்தியின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. அந்நியக் கத்திக்கும் கியோட்டோக் கல்லுக்கும் பொருத்தம் அமைந்தது. இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட கடினமான சிறுகற்கள் 'கமிசோரிடோ', அதாவது சவரக்கத்திச் சாணை என்று தனிப்பெயர் பெற்றன.

கடினமான கல் தானாகக் குழம்பு விடாது. அதன் மேற்பரப்பில் நீர் தெளித்து, 'நகுரா' என்னும் சிறுகல்லைத் தேய்த்துக் குழம்பு எழுப்ப வேண்டும். இன்றைய ஐச்சி மாவட்டத்திலுள்ள மிகாவா பகுதியின் வெண்ணகுராக்களே இதற்குப் புகழ்பெற்றவை. போடன், டென்ஜோ, மெஜிரோ, கோமா என்ற வரிசையில் பருமையிலிருந்து நுண்மைக்குச் சென்று, இறுதியில் அடிக்கல்லின் இனத்தையே சேர்ந்த 'டொமோநகுரா'வால் முடிப்பர். 'டொமோ' என்றால் துணை. குழம்பு நீரால் மெல்ல மெல்ல நீர்த்து, தெளிந்த நீரில் சில இழுப்புகளோடு வேலை முடியும். அதன்பின் தோல்வார். இம்முறையை எழுத்தில் வகுத்தவர்களுள் தலையாயவர் நிகாதா மாவட்டம் சன்ஜோவைச் சேர்ந்த இவாசாகி கோசுகே (1903–1967). டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பயின்று, மரபு எஃகான டமஹகானேயால் சவரக்கத்தி வடித்தவர். சொல்லாமல் கற்பிக்கப்பட்டுவந்த கைத்திறன் ஒன்றைப் படித்தறியத்தக்கதாக ஆக்கிய பணி அவருடையது.

ஆனால் காலம் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. 1891இல் எட்வர்ட் அச்சிசன் சிலிக்கன் கார்பைடைச் செயற்கையாக உண்டாக்கினார். சாணைக்கல்லை ஆலையில் வார்க்க வழி பிறந்தது. 1904இல் கிங் ஜில்லெட் பெற்ற காப்புரிமை தீட்டவே வேண்டாத அலகை உலகுக்கு அளித்தது. போருக்குப் பிந்தைய ஜப்பானில் எண்ணிட்ட செயற்கைக் கற்கள் பட்டறைகளை நிரப்பின. முடிதிருத்தகங்கள் மாற்று அலகுக் கத்திக்கு மாறின. கியோட்டோவின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கமெயோக்கா போன்ற சில இடங்களில் மட்டும் சிறு அளவில் வேலை தொடர்ந்தது.

சுரங்கம் மூடிய பின்பே சேகரிப்பாளர் வந்தார். இணையவழி வணிகம் பெருகிய இந்நூற்றாண்டில், மூடிய முடிதிருத்தகங்களின் கற்களும் பழைய வணிகரின் இருப்பும் கடல்கடந்தன. அப்போது கற்களோடு பெயர்களும் சென்றன. நகயாமா என்னும் ஊர்ப்பெயர் விலையை ஏற்றும் சொல்லானது. அடுக்கைச் சுட்டிய டோமாயே தரத்தைச் சுட்டுவதாகப் புரிந்துகொள்ளப்பட்டது. காகத்திட்டு அழகுக்காகத் தேடப்பட்டது. அத்திட்டு கூர்மையைக் கூட்டுவதில்லை. விற்பனையாளர் சிலர் கடினத்தை எண்களால் வரிசைப்படுத்தினர். வணிகரின் முத்திரை கல்லைவிட மதிப்புப் பெற்றதும் போலி முத்திரைகளும் தோன்றின. முத்திரை அழிந்த கல்லைப் பார்த்த அளவில் அது எந்த மலையினது என்று உறுதிசெய்வது மிக அரிது. அருகருகே உள்ள சுரங்கங்கள் ஒரே படிவைத்தான் வெட்டியெடுத்தன.

சொற்பொருளியல் நோக்கில் இங்கு நடந்தது தெளிவு. இடத்தைச் சுட்டிய சொற்கள், அவ்விடத்தில் நின்று பேசுவோர் மறைந்தபின், பொருளின் நிலையான பண்பைச் சுட்டுவனவாக இறுகிவிட்டன. உறவைச் சுட்டிய 'பொருத்தும் கல்' தனித்த பண்டத்தின் பெயராயிற்று. 'எந்தக் கத்திக்கு' என்னும் பாதி வினா உதிர்ந்துபோக, 'எத்தனை விலை' என்பது அவ்விடத்தில் அமர்ந்தது.

சேகரிப்பாளரை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. அவர்கள் விலை கொடுத்திராவிடில் முடிதிருத்தகத்துக் கற்கள் பல, பெயரறியாமலே கட்டட இடிபாட்டோடு போயிருக்கும். இவாசாகியின் எழுத்தை ஜப்பானுக்கு வெளியே தேடிப் படித்தவர்களும் அவர்களே. அவர்களுள் கல்லை நாள்தோறும் பயன்படுத்துவோர் காலப்போக்கில் ஒரே முடிவுக்கு வந்து சேர்கின்றனர்: புகழ்பெற்ற பெயருடைய கல் தம் கத்தியோடு இணங்கவில்லை, பெயரற்ற சிறுகல் ஒன்று இணங்கிற்று. அவ்வேளையில் 'அவாசெடோ' என்னும் சொல் தன் பழம்பொருளை மீண்டும் பெறுகிறது. அகராதி எழுதுவோர் அப்பொருளைக் குறித்துவைக்கலாம். அதைச் சரிபார்க்க ஒரு கல்லும் ஒரு கத்தியும் சிறிது நீரும் வேண்டும்.