லினக்ஸ் கணினியில் வன்தட்டு அடிக்கடி துண்டிக்கப்படுகிறதா?

லினக்ஸ் கணினியில் யூஎஸ்பி வழி இணைத்த வெளி வன்தட்டு, கோப்புகளை நகலெடுக்கும்போதே காணாமற்போய் மீண்டும் தோன்றுவதுண்டு. வன்தட்டு பழுதாகிவிட்டது என நினைத்துச் சிலர் உடனே 'ஃபார்மேட்' செய்து, குடும்பப் படங்களையும் சேர்த்தே இழக்கின்றனர். பல வேளைகளில் கோளாறு கேபிளிலோ மின்சாரத்திலோதான் இருக்கும்.

யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை 900 மில்லி ஆம்பியர் மின்சாரம் தரும்படி வரையறுக்கப்பட்டவை. சுழலும் வன்தட்டு இயங்கத் தொடங்கும் நொடியில் இதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். எனவே, முதலில் நீளம் குறைந்த வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள். மேசைக் கணினியாக இருந்தால் பின்புறத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். 'ஹப்' தேவையென்றால், தனி மின் அடாப்டர் உள்ளதைப் பயன்படுத்துங்கள்.

அப்படியும் தொடர்பு அறுந்தால், 'டெர்மினல்' திறந்து, நிர்வாகி உரிமையுடன் டி, எம், இ, எஸ், ஜி ஆகிய ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிற்றெழுத்தில், இடைவெளியின்றித் தட்டச்சு செய்யுங்கள். கணினியின் உள்பதிவுகள் திரையில் வரும். 'ரீசெட்', 'டிஸ்கனெக்ட்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால், முதலில் இணைப்பையே சந்தேகிக்க வேண்டும். வேறு கேபிளிலும் வேறு கணினியிலும் 'ஐ/ஓ எரர்' தொடர்ந்தால், வன்தட்டே பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

இணைப்பு நிலைத்தவுடன் முதல் வேலை, முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது. பழுதுபார்ப்பதும் 'ஃபார்மேட்' செய்வதும் அதற்குப் பிறகுதான். கழற்றும் முன் 'அன்மவுன்ட்' செய்யவும் மறக்க வேண்டாம்.