ரப்பர் விதையும் டீசலும்

பாலக்காட்டு மண்ணார்க்காட்டின் மலைச்சரிவுகளிலும் இடுக்கியின் தொடுபுழை வட்டாரத்திலும் மழைக்காலத்தில் ரப்பர்க் காய்கள் வெடித்து விதைகள் சிதறுகின்றன. பாலுக்காக வளர்க்கும் மரமாதலின் விதையை மதிப்போர் சிலரே. இடுக்கிக்கு அண்மையிலுள்ள தட்டேக்காட்டில், பெரியாற்றங்கரையில், 1902-ஆம் ஆண்டு ரப்பர் வணிகப் பயிராயிற்று. இந்தியாவில் அதுவே முதல் முயற்சி. அன்று தொட்டு விதையின் ஒரு பகுதி நாற்றுக்கும், ஒரு பகுதி சோப்பெண்ணெய்க்கும் போயிற்று; எஞ்சியது மரத்தடியிலேயே மக்கிற்று.

அவ்வெண்ணெயை எந்திரத்தில் எரிக்கலாகாதா? கேள்வி புதிதன்று. 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் எந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடிற்று. ஆனால் தாவர எண்ணெய் தடித்தது. நாளடைவில் எந்திரத்தில் கரி படியும். பெல்ஜியத்து ஷாவான் என்பார் பனையெண்ணெயை ஆல்கஹாலுடன் வினைபுரியச் செய்து இளக்கும் முறைக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு பிரஸ்ஸெல்ஸிலிருந்து லூவேனுக்கு அந்த எரிபொருளில் ஒரு பஸ்ஸும் ஓடிற்று. இன்று பயோடீசல் எனப்படுவது இதுவே.

இவ்வினையை விரைவுபடுத்தித் தான் மாறாதிருக்கும் பொருளை வினையூக்கி என்கிறோம். முன்னாளில் கிரியா ஊக்கி என்றும் எழுதினோம்; மொழிபெயர்ப்பாளர்க்கு இரண்டும் பழக்கமே. வழக்கமான ஊக்கி, மெதனாலில் கரைத்த காஸ்டிக் சோடா. தூய எண்ணெயில் அது விரைந்து வேலை செய்யும்; கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும். ரப்பர் விதையெண்ணெயிலோ இடர் நேர்கிறது. ஈரத்தில் கிடந்த விதையின் எண்ணெய் சிதைந்து, தனித்த கொழுப்பமிலம் மிகுகிறது. சோடா அந்த அமிலத்தோடு கூடிச் சோப்பாகிவிடும், கிளிசரின் பிரியாது. சோப்புத் தொழிலுக்கு உகந்த குணமே எரிபொருளுக்குப் பகையாயிற்று.

கோழிக்கோடு தேசிய தொழில்நுட்பக் கழகத்தார் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ரப்பர் விதையெண்ணெயில் இவ்வமிலம் சுமார் 17 சதவீதம் இருந்தது. அவர்கள் முதலில் கந்தக அமிலத்தால் அதனைக் குறைத்து, பின்னரே சோடாவைச் சேர்த்தனர். வழி சரியானதே, ஆயினும் படிகள் இரண்டு, கழுவும் நீரும் அதிகம்.

இங்கேதான் திண்ம ஊக்கிக்கு இடம். அது கரைவதில்லை, வடிகட்டி மீண்டும் பயன்படுத்தலாம். கிளிஞ்சல் சுட்ட நீற்றாத சுண்ணாம்பு மலிவானதோர் ஊக்கி. ஆனால் அமிலம் அதனையும் பற்றிக்கொள்ளும். ஆகவே ரப்பர் விதைக்கு அது தனித்துப் போதாது. 2006-இல் பிரான்சின் சேத் நகரில், துத்தநாகமும் அலுமினியமும் சேர்ந்த ஆக்சைடைக் கொண்டு, ஆண்டுக்கு 1,60,000 டன் திறனுள்ள ஆலை தொடங்கிற்று. ஆனால் அம்முறைக்கு உயர்ந்த வெப்பமும் அழுத்தமும் வேண்டும். அதே ஆண்டில் புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தின் பால் இரத்தினசாமி, சீனிவாஸ் முதலியோர் இரும்பும் துத்தநாகமும் கலந்த சயனைடுச் சேர்மத்தை வெளியிட்டனர். அமிலமும் ஈரமும் உள்ள எண்ணெயையும் அது ஒரே படியில் மாற்றவல்லது. நம் விதைக்கு ஏற்றது இவ்வகையே என்பது நம் கருத்து.

2009-ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கை, 2017-க்குள் 20 சதவீதக் கலப்பை நாடிற்று, அது கைகூடவில்லை. 2018-ஆம் ஆண்டுக் கொள்கை, 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் என்று இலக்கைக் குறைத்துக்கொண்டது. காட்டாமணக்கைப் புதிதாக நட்டுக் காத்திருந்த காலத்தில், ரப்பர் மரங்களோ நட்டபடியே நின்றன. அவற்றின் விதையை ஈரம் ஏறுமுன் பொறுக்கி உலர்த்துவதற்குக் கூலி கட்டுமா என்பதே இனிப் பார்க்கவேண்டிய கணக்கு.